மேற்படியார் தின்ற மாலை

தமிழ்நாட்டுக் காவல் துறையிலேயே, பதவி உயர்வு வந்ததற்குச் சொந்த ஊரில் துக்கம் விசாரிக்கப்பட்ட ஒரே அதிகாரி எங்கள் மேற்படியார்தான். இதில் மிகை எதுவும் இல்லை. அவரிடம் ஒன்பது வருஷம் ரைட்டராக இருந்தவன் நான். ரைட்டர் என்றதும் இப்போது இந்தப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளனை நினைத்துவிடாதீர்கள். காவல் துறையில் ரைட்டர் என்றால் புகார், அறிக்கை, மெமோ எல்லாவற்றையும் எழுதுகிற ஏட்டு. அவன் எழுதினால்தான் சம்பவம் நடந்ததாக அர்த்தம். அந்தப் பொறுப்பெல்லாம் எனக்கு இப்போது கிடையாது.

மேற்படியாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். அதை யாரும் பயன்படுத்தவில்லை, காரணம் அவர் யாருடைய பெயரையும் பயன்படுத்தவில்லை. காவல் துறைக் காகிதங்களில் ஒரு ஆளின் பெயரை ஒருமுறைதான் எழுதுவோம். அடுத்த வரியிலிருந்து அவர் ‘மேற்படி’ ஆகிவிடுவார். எல்லோரும் அதைக் காகிதத்தோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் வீட்டுக்கும் எடுத்துப் போனார்.

காரணம் கேட்டேன். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்த புதிதில், எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம், குமார் என்று ஒருவரைக் கூட்டிவரச் சொல்லி இவரை அனுப்பியிருக்கிறார்கள். கூட்டிவந்தார். அந்தத் தெருவில் ஐந்து குமார்கள். வந்தவர் நான்காவது குமார். அன்றைக்கு அவருக்குப் பெண் கொடுக்க இருந்தவர்கள் மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தார்கள். ஜீப்பில் ஏறும் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுக் காபி குடிக்காமல் திரும்பிவிட்டார்கள்.

“அன்னிக்கி முடிவு பண்ணேன் ரைட்டர். பேரு ஒரு அடையாளமே இல்ல. மச்சம்தான் அடையாளம்,” என்றார்.

அதோடு இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். வெறும் மேற்படி என்று எழுதினால் சிவப்பு மையில் வட்டம் போடுவார். “ஆர் எங்கய்யா? கோர்ட்டு தீர்ப்பு சொல்ற வரைக்கும் எல்லாருக்கும் ஆர் உண்டு.” ஆகவே சங்கிலி பறித்தவர், சாராயம் காய்ச்சியவர், கோயில் உண்டியலில் கையை விட்டு மாட்டிக்கொண்டவர், எல்லோரும் எங்கள் அலுவலகத்தில் மேற்படியார்தான். முதல் ஆறு மாதம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு விரல்களே ஆர் சேர்த்து டைப் அடிக்கப் பழகிவிட்டன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வினை அங்கேதான் இருக்கிறது.

செங்கல்பட்டில் அவருடைய குவார்ட்டர்ஸுக்கு ஃபைலோடு போனால், சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்.

“மேற்படி, ரைட்டர் வந்துகீறாரு. டீ போடு.” மனைவிக்கு மட்டும் ஆர் கிடையாது. அவ்வளவு நெருக்கம்.

அவர் மனைவியை நாங்கள் அம்மா என்போம். அம்மா உள்ளேயிருந்து என்னிடம் பேசுவார். “ரைட்டர், சம்பந்தப்பட்டவர்கிட்ட சொல்லுங்க. பால் வாங்கியாரச் சொல்லி காத்தாலயே சொன்னேன். இன்னும் நடவடிக்கை எடுக்கல.”

“நிலுவைல கீது,” என்பார் மேற்படியார்.

மேற்படியார் கடைசியில் உதவி ஆணையராக இருந்தார். உதவி ஆணையர் என்பவருக்கு என்ன வேலை என்று பலருக்குத் தெரியாது. நான்கு ஸ்டேஷன், நான்கு இன்ஸ்பெக்டர், அந்த நான்கு பேரும் எழுதுவதையெல்லாம் படித்துத் தொலைக்கவேண்டும். திருவிழா, ஊர்வலம், பெரிய மனிதர் வருகை என்றால் பந்தோபஸ்து. வாரத்தில் ஒருநாள் பொதுமக்கள் மனு. மேற்படியார் மனு விசாரிப்பதைப் பார்க்க மற்ற ஆபீஸ்களிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர், வாசலில் கார் நிறுத்துகிற தகராறு.

“சார், இந்தக் கய்தே டெய்லி என் வாசல்ல காரை வுட்டுகினு...”

“மேற்படியார்.”

“இன்னா சார்?”

“கய்தே இல்ல, மேற்படியார். பேரும் வேணாம், பட்டமும் வேணாம். மொதல்லேர்ந்து சொல்லு.”

“சார், இந்த மேற்படியார் என் வாசல்ல காரை வுடறாரு. கேட்டதுக்கு மேற்படியாரோட சம்சாரம் வந்து எங்க வூட்டு மேற்படியாரப் பாத்து...”

அதற்குமேல் அவரால் போகமுடியவில்லை. திட்டும் பெயரும் போனபின் அந்தச் சண்டையில் சரக்கே இல்லை. எதிர்த்தரப்பு சிரித்துவிட்டது. இருவரும் ஒன்றாக டீ குடிக்கப் போனார்கள். இப்படியே மனுக்கள் கரைந்துகொண்டிருந்ததில் இன்ஸ்பெக்டர்களுக்குத்தான் பேஜார். “ஐயா ஒரு கேசு போட வுடமாட்றாரு,” என்று என்னிடம் வந்து புலம்புவார்கள்.

இப்போது துக்கம் விசாரித்த கதைக்கு வருகிறேன்.

அச்சரப்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். மேற்படியாருக்கும் அவர் மனைவிக்கும் ஒரே ஊர். அம்மாவின் அண்ணன், அதாவது மேற்படியாரின் மச்சான், அங்கே நெல் வியாபாரி. ஊர் எதை நம்பவேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். மாப்பிள்ளை ஏட்டானதும், பரீட்சை எழுதி எஸ்.ஐ. ஆனதும் மச்சானுக்குப் புரிந்தது. எஸ்.ஐ. தோளில் இரண்டு நட்சத்திரம், ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக ஒரு துணிப்பட்டை. இன்ஸ்பெக்டர் ஆனபோது மூன்று நட்சத்திரம், அதே பட்டை. ஊரே எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. அடுத்து டி.எஸ்.பி. ஆனார். டி.எஸ்.பி.க்கும் நட்சத்திரம் மூன்றுதான். பட்டை மட்டும் கிடையாது. இப்படி யார் யோசித்து வைத்தார்களோ, அவர்களுக்கு ஊரில் மச்சான் இல்லை.

பொங்கலுக்குச் சீருடையோடு ஊருக்குப் போயிருக்கிறார்.

“இன்னா மாப்ள, தோள்ல பட்டைய காணோம்?”

“டி.எஸ்.பி. ஆயிட்டேன் மச்சான். டி.எஸ்.பி.க்குப் பட்டை கெடையாது.”

“நட்சத்திரம் அதே மூணுதான கீது?”

“ஆமா.”

“பட்டைய மட்டும் புடுங்கிகினாங்க.”

“புடுங்கல மச்சான். இது ப்ரமோஷன்.”

மச்சான் அந்தத் தோளை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சரி வுடு. நா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்றார். மாட்டுப் பொங்கலன்று காலையிலிருந்து ஆட்கள் வரிசையாக வந்து, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஒருவர் போகும்போது, “எல்லாருக்கும் வர்றதுதான் தம்பி,” என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் எல்லையை மாநகரக் காவலோடு சேர்த்தார்கள். மாவட்டத்தில் டி.எஸ்.பி. என்பவர் மாநகரத்தில் ஏ.சி. பதவி ஒன்றுதான், பெயர்தான் வேறு. மேற்படியார் காலையில் நாஸ்தா சாப்பிடும்போது துணைக் கண்காணிப்பாளராக இருந்தார், சாப்பாட்டு வேளையில் அதே நாற்காலியில் உதவி ஆணையராக இருந்தார். பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினோம். சாயங்காலம் மச்சானிடமிருந்து போன்.

“மாப்ள, துணையிலேர்ந்து உதவிக்கு எறக்கிட்டாங்களாமே. யாரையாச்சும் பகைச்சிகினியா?”

போனை வைத்துவிட்டுத் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “ரைட்டர், அடுத்தது சிங்கம்தான?” என்றார்.

அடுத்தது சிங்கம்தான். கூடுதல் துணை ஆணையர் ஆனால் நட்சத்திரங்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சிங்கச் சின்னம் வரும். சிங்கத்தைப் பார்த்து யாரும் தண்டனை என்று சொல்லமுடியாது. மச்சானாலும் முடியாது. ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. வருகிற பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் கட்டாயம் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே நிபந்தனை, பட்டியல் வெளியாகிற நாளில் அவர்மேல் விளக்கம் கேட்டு வந்த மெமோ எதுவும் நிலுவையில் இருக்கக்கூடாது. முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காதவர். அம்மா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “சம்பந்தப்பட்டவரு செங்கல்பட்டு பஜார்லேர்ந்து சிங்கத்த வாங்கியாந்து பீரோல வெச்சிகீறாரு. காத்தால கண்ணாடி முன்னாடி நின்னு தோள்ல வெச்சிப் பாக்கறாரு. நா பாக்காத மாதிரி போயிட்டேன்.”

அப்போதுதான் டெல்லியிலிருந்து ஒரு உயர் அதிகாரி மாமல்லபுரம் பார்க்க வந்தார். பந்தோபஸ்துக்கு மாநகரத்திலிருந்தும் ஆட்களை அனுப்பினார்கள். மேற்படியாருக்குக் கடற்கரைக் கோயில் பக்கம் பொறுப்பு. மாமல்லபுரத்தில் ஆடுகளுக்கு எந்த நாட்டு விருந்தாளி வந்தாலும் கவலை கிடையாது. டெல்லி அதிகாரி வருவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் ஒரு கிடா தடுப்புக்குக் கீழே புகுந்து உள்ளே வந்து, வரவேற்பு மாலையைத் தின்றுவிட்டது. பிடித்துக் கட்டினோம். வேறு மாலை போட்டார்கள். டெல்லிக்காரர் சிரித்துக்கொண்டே சிற்பம் பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது.

நான் அடித்த அறிக்கையை இன்றைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லுவேன்.

‘காலை 9.40 மணிக்கு வெள்ளாட்டுக் கிடா ஒன்று தடுப்புக்குக் கீழாக நுழைந்தது. 9.42 மணிக்கு டெல்லி உயர் அதிகாரி அவர்கள் வருகை தந்தார்கள். மேற்படியார் தாடி வைத்தவர். மேற்படியார் மேசையிலிருந்த சாமந்தி மாலையைத் தின்றுவிட்டு, பெண் காவலர் ஒருவரை முட்டப் பாய்ந்ததால், காதைப் பிடித்து இழுத்துச் செல்லப்பட்டுச் சவுக்கு மரத்தில் கட்டப்பட்டார். 10.15 மணிக்கு எச்சரித்து அனுப்பிவைக்கப்பட்டார். வேறு அசம்பாவிதம் இல்லை.’

மேற்படி கிடா என்று அடித்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒன்பது வருஷப் பழக்கம், விரல்கள் ஆட்டுக்கும் ஆர் போட்டுவிட்டன. டெல்லி அதிகாரிக்கு உண்மையிலேயே தாடி இருந்தது.

மேற்படியார் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. இரண்டு தடவை படித்தார். ‘மாலையை தின்றுவிட்டு’ என்று நான் அடித்திருந்ததில் ஒரு ‘த்’ சேர்த்தார். “இப்ப சரியா கீது,” என்று கையெழுத்துப் போட்டார்.

சாதாரணமாக இந்த அறிக்கைகளை யாரும் படிப்பதில்லை. ஆனால் டெல்லி அதிகாரி ரசனையுள்ளவர். தன் வருகையைப் பற்றி உள்ளூர்ப் போலீஸ் என்ன எழுதியது, ஆங்கிலத்தில் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மொழிபெயர்த்தவர் நேர்மையான மனிதர். உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தார்.

நான்காம் நாள் மெமோ வந்தது. மாலையைத் தின்றது யார் என்று ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவேண்டும். பட்டியல் வெளியாகப் பன்னிரண்டு நாள் இருந்தது.

எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “நீ எழுதிக் குடுத்துடுய்யா. கவனக்குறைவா அடிச்சிட்டேன், ஐயா கையெழுத்துக்கு அவசரமா வெச்சிட்டேன்னு. மெமோ உன் பேருக்கு மாறிடும். உன்ன தெக்க எங்கனா தூக்கிப் போடுவாங்க, அவ்ளதான். அவருக்குச் சிங்கம்யா.”

நியாயம்தான். ஆனால் என் மனைவி மதுராந்தகத்தில் டீச்சர், இரண்டு பெண்களும் அதே ஊரில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் முழுக்க எழுதாமல் இருந்தேன். அந்த ஒருநாளை நினைத்தால் இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மறுநாள் எழுதிக்கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

சிவப்புப் பேனாவை எடுத்தார். நான்கு இடத்தில் திருத்தினார். ஒரு சந்திப் பிழை, இரண்டு எழுத்துப் பிழை. நான்காவது இடத்தில் ஒரு வார்த்தையைச் சுற்றி வட்டம்.

“இன்னா எழுதிகீற? ‘கவனக்குறைவாக’வா? பொய்யி. நீ கவனமாத்தான் அடிச்ச. நா கவனமாத்தான் படிச்சேன். ரெண்டு பேரும் கவனமாத்தான்யா தப்பு பண்ணோம்.”

“ஐயா, பட்டியல்...”

“எனக்குத் தெரியும். போய் ஆட்டைத் தேடு.”

காகிதத்தை எட்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

மேற்படியாரின் வாதம் எளிமையானது. எங்கே விஷயம் ஆரம்பித்ததோ அதைத்தான் மேற்படி குறிக்கும். அறிக்கை ஆட்டில் ஆரம்பிக்கிறது. ஆகவே மேற்படியார் ஆடு. இதை நிரூபிக்க ஆடு வேண்டும். உதவி ஆணையர், ஒரு ரைட்டர், ஒரு டிரைவர், மூன்று பேரும் மாமல்லபுரத்தில் இரண்டு நாள் ஆடு ஆடாக அங்க அடையாளம் பார்த்தோம். இடது காதில் கிழிசல், நெற்றியில் வெள்ளை. கடைசியில் இளநீர் விற்கும் ஒரு அம்மாதான் ஒத்துக்கொண்டார்.

“அது எங்க கெடாதான் சார். ஆனா அது போன ஞாயித்துக்கெழமையே கொழம்பாயிட்சே.”

மேற்படியார் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “மேற்படியாருக்குத் தாடி இருந்திச்சாம்மா?”

“யாருக்கு சார்?”

“கெடாவுக்கு.”

“கெடான்னா தாடி இல்லாமயா இருக்கும்? அதோட தம்பி கீது, இட்டுகினு போறீங்களா?”

தம்பியைக் கூட்டிப்போகவில்லை. ஆள்மாறாட்டம் ஆகிவிடும் என்றார். அந்த அம்மாவிடம் வாக்குமூலம் வாங்கினோம். காணாமல் போனவர் பற்றி எழுதும்போது என்ன மரியாதை கொடுப்போமோ, அதே மரியாதையோடு நான் எழுதினேன். சாட்சி உயிருடன் இல்லை என்ற குறிப்போடு, கேட்டிருந்த ஏழாம் நாளே விளக்கத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மெமோ அனுப்பிய மேலதிகாரிக்கு ஃபைலைத் திறக்க ஆறு நாள் ஆனது. படிக்க ஆரம்பித்தவர் பாதியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார் என்று கேள்விப்பட்டேன். ‘மாலையைத் தின்றது ஆடு என ஏற்கப்படுகிறது, மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதி மெமோவை முடித்துவைத்தார். அந்த உத்தரவு வந்தது வெள்ளிக்கிழமை. பட்டியல் வந்தது முந்தின நாள், வியாழக்கிழமை. அவர் பெயர் இல்லை. அடுத்த பட்டியல் வருவதற்குள் அவர் ஓய்வுபெற்றுவிடுவார்.

மேற்படியார் அந்த உத்தரவையும் இரண்டு தடவை படித்தார். ‘மேல்நடவடிக்கை’க்குக் கீழே பென்சிலால் மெல்லிய கோடு போட்டார். “இத்த ரெண்டு வார்த்தையா எழுதியிருக்கலாம்,” என்றார். பிறகு, “நாஸ்தா ஆச்சா ரைட்டர்?” என்று கேட்டார். மணி மூன்று. நான் ஆச்சு ஐயா என்றேன். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அழுதாரா என்று கேட்காதீர்கள், எனக்கு முதுகுதான் தெரிந்தது.

ஓய்வுபெற்ற மறுவாரம் ஊரில் விருந்து வைத்தார்கள். நானும் போனேன். நூறு பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது மச்சான் எதிரே வந்து நின்று கேட்டார்.

“மாப்ள, இப்பதான் சர்வீஸ் முடிஞ்சிடுச்சே. இப்பனா சொல்லு. இன்னாத்துக்கு உன்ன எறக்கிகினே வந்தாங்க?”

முப்பத்தைந்து வருஷம் பொய் எழுதாத மனிதர். முதல் இரண்டும் இறக்கம் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லி அலுத்துப்போனவர். சிங்கம் கிடைக்காத மூன்றாவதை மட்டும் சொன்னார்.

“ஒரு ஆட்டு விஷயம் மச்சான்.”

பந்தியில் சாம்பார் வாளிகூட அப்படியே நின்றது. மச்சான் தலையை ஆட்டினார். “ஆடா,” என்றார். “கேட்டிருந்தா நானே ஒண்ணு குடுத்திருப்பேனே மாப்ள.”

நான் வாயில் சோற்றோடு எழுந்தேன். “அண்ணாத்த, ஐயா திருடல. தப்பா அடிச்சது நா...”

“ரைட்டருக்குப் பாயசம் போடுங்க,” என்றார் மேற்படியார். போட்டார்கள். என் பேச்சு அந்தச் சத்தத்தில் போயிற்று. அவர் என்னைப் பார்த்து, உட்காரு என்பதுபோல் விரலை அசைத்தார்.

இப்போது அந்த ஊருக்குப் போய் ஏ.சி. வீடு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. “ஆட்டு டி.எஸ்.பி. வூடா? அந்தாண்ட போங்க,” என்பார்கள். அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. வருத்தம் எனக்குத்தான்.

ஆகவே அச்சரப்பாக்கம் பக்கம் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்கள் யாராவது இருந்தால், மச்சானை உட்காரவைத்து இதைச் சத்தமாகப் படித்துக்காட்டுங்கள். பட்டை போனது பதவி உயர்வில். துணையும் உதவியும் ஒன்றுதான். அவர் எந்த ஆட்டையும் தொடவில்லை. ஆட்டுக்கு ஆர் போட்டது நான், அதற்காக ஊர் முன்னால் தலைகுனிந்தது அவர். அவராக ஒருநாளும் சொல்லமாட்டார் என்பதால் நான் சொல்லிவிட்டேன். என் பெண்கள் இரண்டு பேரும் மதுராந்தகத்திலேயே பள்ளிக்கூடம் முடித்தார்கள்.